நாற்காலியைக் காலி செய்யத் தெரிந்த மனிதர்



பொருளாதார நிபுணர் என்றால் போர்டில் கிராஃப் போட்டுவிட்டுப் போகிறவர் என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. நூலகத்தில் டாக்டர் ஜான் மத்தாயின் வாழ்க்கையைப் படித்துப் பாருங்கள். அடேயப்பா, ஒரே ஆள் எத்தனை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்!

1886-ல் கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, சென்னையிலேயே வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு லண்டனில் ஆராய்ச்சி. திரும்பி வந்து மாநிலக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். 1925-ல் அரசாங்கத்தின் சுங்கவரி வாரியத்துக்குப் போனார். வெளிநாட்டுச் சரக்கோடு போட்டி போட முடியாத நம் தொழில்களுக்கு வரிப் பாதுகாப்பு தரலாமா என்று கணக்குப் பார்த்துச் சொல்கிற இடம் அது. நாம் எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங் பேப்பரில் போடுகிற கணக்கை, அவர் தேசத்துக்கே போட்டார்.

1940-ல் அரசுப் பணி ஓய்வு. வயது 54. ஈஸிசேர் வாங்கிப் போட்டாரா? இல்லை, டாடா நிறுவனத்துக்குப் போனார்! 1944-ல் தொழிலதிபர்களோடு சேர்ந்து 8 பேராகப் 'பம்பாய்த் திட்டம்' வெளியிட்டார்கள். 15 ஆண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீடு, தனிநபர் வருமானம் இரண்டு மடங்கு என்பது கனவு.

விடுதலை பெற்றதும் ரயில்வே அமைச்சர். சுதந்திர இந்தியாவின் முதல் ரயில்வே பட்ஜெட், 1947 நவம்பரில் இவர் போட்டதுதான். கோவைக்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1948-ல் நிதியமைச்சர் பதவியிலிருந்து விலக, அந்த இடத்துக்கு வந்தார். 1950-ல் குடியரசின் முதல் பட்ஜெட்டும் இவருடையதே.

அதே 1950 மார்ச்சில் திட்டக் கமிஷன் பிறந்தது. திட்டம் தீட்டிய மனுஷன் சந்தோஷப்படணும் இல்லையா? ராஜினாமா செய்தார்! கமிஷன் இரண்டாவது மந்திரிசபைபோல ஆகிவிடும், நிதியமைச்சரின் பொறுப்பு கரைந்துபோகும் என்பது அவர் வாதம். ஏழை நாட்டுக்குத் திட்டமிட ஒரு தனி அமைப்பு தேவை என்ற நேருவின் பக்கமும் நியாயம் இருந்தது. யார் சரி என்று இன்றும் பட்டிமன்றம் நடத்தலாம். ஆனால் பதவியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுக்காமல் வெளியே வந்தாரே, அதுதான் பெரிசு.

பிறகும் சும்மா இருக்கவில்லை. 1953-ல் வரி விசாரணைக் கமிஷன் தலைவர், 1955-ல் ஸ்டேட் பாங்க்கின் முதல் தலைவர், பம்பாய், கேரளப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர். அரசும் தொழிலதிபர்களும் ஃபோர்டு அறக்கட்டளையும் கைகொடுக்க, 1956-ல் டெல்லியில் உருவான பொருளாதார ஆய்வு நிறுவனத்துக்கும் முதல் தலைவர். யார் பணம் கொடுத்தாலும் கணக்கு மாறாமல் இருந்தால்தானே அது ஆய்வு? 1959-ல் காலமானார்.

பால்வளத் தந்தை வர்கீஸ் குரியன் இவருக்கு நெருங்கிய உறவு. கிண்டியில் மெக்கானிக்கல் முடித்து ஜாம்ஷெட்பூர் டாடா உருக்காலைக்குப் போனார். அங்கே எல்லோரும் தன்னை டைரக்டர் வீட்டுப் பையனாகவே பார்த்தது பிடிக்காமல், ஸ்காலர்ஷிப் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் கிளம்பாமல் இருந்திருந்தால் அமுல் ஏது?

எனக்கும் ஒரு சித்தப்பா உண்டு. "மேனேஜர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்டா, பரீட்சை முடிஞ்சதும் வந்து சேரு" என்றார். அப்பாவின் லேத் பட்டறை வருமானத்தில் தங்கைக்கும் ஃபீஸ் கட்டணும், வேலை அவசரம்தான். இருந்தாலும், "எல்லாரோடயும் வரிசையில நின்னு இன்டர்வியூ போறேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நண்பர்களே, நமக்கு மந்திரி நாற்காலி கிடைக்குமோ என்னமோ, ஷாப் ஃப்ளோரில் ஒரு ஸ்டூல் நிச்சயம் கிடைக்கும். அதில் உட்கார்ந்து மைக்ரோமீட்டர் காட்டுகிற அளவையே எழுதுவோம். மாற்றி எழுதச் சொன்னால் எழுந்து நிற்கவும் கற்றுக்கொள்வோம். எல்லோருக்கும் நல்ல வேலை கிடைக்க வாழ்த்துக்கள்!

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்