முப்பத்தாறாவது அறை



சைனா சண்டைப் படம் என்றால் நம்மில் யாருக்குத்தான் பிடிக்காது? ஹாஸ்டலில் ஒரு போன். அதைச் சுற்றி எட்டுத் தலை. 1973-ல் வந்த 'என்டர் தி டிராகன்' படத்துக்கு இன்றைக்கும் விசில் பறக்கிறது. அந்தப் படம் திரைக்கு வருமுன்பே, தன் 32-வது வயதில் புரூஸ் லீ மறைந்துவிட்டார் என்பதுதான் சோகம்.

"ஏல, இதப் பாத்து என்னத்தல கத்துக்கப் போறிய?" என்பார் வார்டன். பதில் இருக்கிறது சார்!

1978-ல் லாவ் கார்-லியுங் இயக்கிய 'தர்ட்டி சிக்ஸ்த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' பாருங்கள். பழிவாங்கத் துடிக்கும் சான் தே ஷாவோலின் மடத்துக்கு வருகிறான். பயிற்சி என்றதும் முதலில் நேரே உச்சி அறைக்குப் போகிறான். தூக்கி வெளியே போடுகிறார்கள். பிறகு அடியிலிருந்து ஆரம்பிக்கிறான். இரண்டு கையிலும் தண்ணீர் வாளி, கைகளில் கட்டிய கத்தி. கை கொஞ்சம் தாழ்ந்தாலும் விலாவில் குத்தும்! படம் முடிந்தபின் நெஞ்சில் நிற்பது சண்டை அல்ல, இந்தப் பயிற்சிதான்.

நமக்கும் அந்த வாளி உண்டு. முதல் வருஷம் பிட்டிங் ஷாப்பில் ஒரு அரத்தையும் இரும்புத் துண்டையும் கொடுத்து, "ட்ரை ஸ்கொயர் வெச்சா இடையில வெளிச்சம் தெரியக் கூடாது" என்றார்களே, அதுதான். உள்ளங்கை கொப்புளித்தது. கல்யாண வீட்டில் "டிப்ளமோதானா?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு அந்தக் கொப்புளம் தெரியாது.

எங்கள் தெருவில் சங்கு குளிக்கும் மாமா ஒருவர் இருக்கிறார். நம் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. சங்குக் குளிப்பு நிற்கவில்லை. "மூச்சுப் பிடிக்கத ஒரே நாள்ல படிக்க முடியாது மருமவனே" என்பார். ஷாவோலின் மடத்தில் சொன்னதும் இதைத்தானே!

ஜாக்கி சான் இன்னும் ஒரு படி மேல். படம் முடிந்ததும் தான் விழுந்ததையெல்லாம் போட்டுக் காட்டுவார். 'ஆர்மர் ஆஃப் காட்' படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து மண்டை ஓடே உடைந்தது. பிழைத்து வந்து அதே படத்தை முடித்தார், 1986-ல் வெளியானது. விழுவது வெட்கமில்லை என்று இதைவிட யார் சொல்ல முடியும்?

இதை நான் எழுதுவது என் வகுப்பு நண்பன் ஒருவனுக்காக. மூன்று அரியர் விழுந்ததும் படிப்பை விட்டுவிட்டு, ஹார்பரில் லோடு ஏற்றப் போனான். "நமக்கு வராதுடே" என்றான். இப்போது நாங்கள் மூன்று பேர் சாயங்காலம் அவன் வீட்டுத் திண்ணையில் டிராயிங்கும் கணக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டான்.

மடத்தில் இருந்தது 35 அறைதான். எல்லாம் தேறிய சான் தே, வெளியே இருக்கும் சாதாரண ஜனங்களுக்காக 36-வது அறை திறக்க வேண்டும் என்கிறான். கடைசியில் திறந்தும் காட்டுகிறான்.

அவன் வீட்டுத் திண்ணை எங்கள் 36-வது அறை. உங்கள் தெருவில் ஒன்று திறங்கள், நண்பர்களே!