முடிச்சு இல்லாத டை

முப்பத்தொரு வருடம் மெடிக்கல் ரெப்பாக இருந்தவன் நான். வேலூர், ஆரணி, திருவண்ணாமலை என்று சுற்றிய அந்த நாட்களில் டை கட்டாத வேலைநாள் கிடையாது. சித்திரை வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, கிளினிக் வாசலில் நின்று, கண்ணாடி பார்க்காமலே முடிச்சுப் போட்டுக்கொள்வேன். "மாட்டுக்குக் கயிறு கட்டின மாதிரி" என்பாள் மனைவி. ஆனாலும் என் முடிச்சு கோணாது என்பதில் எனக்கு ஒரு கர்வம்.

மூன்று வருடமாக வலது கையில் நடுக்கம். இதை மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

போன மே மாதம் பேரனின் பட்டமளிப்பு விழாவுக்காக அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகருக்குப் போயிருந்தோம். மகள் குடும்பம் அங்கேதான். விழா அன்று காலை, ஊரிலிருந்து கொண்டுபோன மெரூன் டையுடன் கண்ணாடி முன் நின்றேன். கால் மணி நேரம் போராடியும் முடிச்சு விழவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, கிளம்பலாமா?" என்று மருமகன் எட்டிப் பார்த்தார். என் மடியில் கிடந்த டையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தன் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். பின்னிய கறுப்புத் தோல் கயிறு, இரு நுனியிலும் வெள்ளிக் குப்பி, நடுவில் வெள்ளியில் பதித்த நீலப்பச்சைக் கல். தலைவழியாக மாட்டி, கல்லை மேலே தள்ளினார். அவ்வளவுதான், முடிந்தது.

"இது போலோ டை. இந்த ஊருக்கு இதுதான் மாமா டை" என்றார்.

காரில் போகும்போது கதை சொன்னார். ஃபீனிக்ஸுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் விக்கன்பர்க் என்று ஓர் ஊர். அங்கே விக்டர் சீடர்ஸ்டாஃப் என்ற வெள்ளி வேலைக்காரர் 1940களின் கடைசியில் குதிரையில் போனபோது தொப்பி காற்றில் பறந்ததாம். வெள்ளி கோத்த தொப்பிப் பட்டை தொலைந்துவிடக் கூடாதே என்று அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாராம். அதையே டையாகச் செய்து, 1959-ல் காப்புரிமையும் வாங்கினார். அவருக்கு முன்பே இது உண்டு என்போரும் இருக்கிறார்கள். நவஹோ, சூனி பழங்குடிக் கைவினைஞர்கள் இதில் கல் பதிப்பதில் பேர் பெற்றவர்கள். 1971-ல் அரிசோனா இதை மாநிலத்தின் அதிகாரபூர்வக் கழுத்தணியாகவே அறிவித்துவிட்டது. 2007-ல் டெக்சஸும் அப்படியே.

விழாவில் என் வயதுக்காரர்கள் சிலர் கழுத்திலும் அதே கயிறு. பக்கத்து இருக்கைக்காரர் என் கல்லைப் பார்த்துவிட்டுத் தன் கல்லைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். கை நடுங்குகிறவன் என்று அங்கே என்னை யாரும் பார்க்கவில்லை.

ஊர் திரும்பும்போது அதை மருமகன் எனக்கே கொடுத்துவிட்டார். போன மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போட்டுக்கொண்டு போனேன். என்னோடு வேலை பார்த்த பழைய நண்பர், "என்ன சார், இந்த வயசுல தாலி கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

"கை ஆடுதுப்பா. முடிச்சு போட வரல. அதான்" என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. பிறகு பந்தியில் ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட எனக்குக் கூச்சமாக இல்லை.