உப்புக்குக் கொடுத்த பூச்சு

"காதை வச்சுக் கேளுங்க தம்பி."

சுவரில் காதை வைத்தேன். கொத்தனார் நடுவிரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். டக், டக். நாலடி தள்ளிப் போய் மறுபடியும் தட்டினார். இங்கே டொப் என்றது.

"பூச்சு செங்கல்ல இல்ல. சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குது. அடுத்த ஐப்பசி மழைக்கு விழுந்துடும்."

அவர் தட்டிக்கொண்டிருந்தது தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையின் கீழ்த்தளச் சுவரை. டிக்கெட் வாங்கி உள்ளே வந்திருந்த ஒரு குடும்பம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. அவர்கள் வீட்டுப் பையன் ஓடிவந்து தானும் தட்டிப் பார்த்தான். காவலாளி முதலில் முறைத்தார். பிறகு கொத்தனாரை அடையாளம் தெரிந்துகொண்டு விட்டுவிட்டார். இந்தக் கோட்டையைச் செப்பனிட்ட காலத்தில் இவரும் சாரம் ஏறி வேலை பார்த்திருக்கிறாராம். இப்போது வயது அறுபதுக்கு மேல். சாரம் ஏற மகன் விடுவதில்லை. ஆனால் சாந்து பதம் பார்க்க அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் முதலில் அவரைப் பார்த்தது கோட்டையில் அல்ல, கிங்ஸ் தெருவில் பிரித்துப் போட்டிருந்த ஒரு பழைய வீட்டின் வாசலில். கோட்டையைப் பற்றி எழுதப் போய் இரண்டு நாளாகப் பெயர்களையும் ஆண்டுகளையும் குறித்துக்கொண்டிருந்தேன். 1616-ல் டென்மார்க்கில் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது, அதன் கப்பல்கள் முதலில் இலங்கையில் கால் ஊன்றப் பார்த்து முடியாமல் இந்தக் கரைக்கு வந்தது, 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு தளபதி ஓவ் கிஜெட் உடன்படிக்கை செய்தது எல்லாம் நோட்டில் ஏறிவிட்டது. (அந்தப் பெயரை டேனிஷ்காரர்கள் சொல்கிற மாதிரி சொல்ல எனக்குக் கடைசிவரை வரவில்லை.) நாயக்கர் தங்க ஓலையில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. கோட்டை மட்டும் இங்கே, கடலுக்கு முன்னால், கடல் தின்றது போக மிச்சமாக.

குறிப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் கோட்டை எதனால் ஆனது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. வீட்டு வாசலில் புளித்த கள் போல ஒரு வாடை வந்தபோதுதான் நின்றேன்.

வாடை நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றிலிருந்து வந்தது. உள்ளே தட்டிப் போட்ட கடுக்காயும் வெல்லமும் தண்ணீரில் நாட்கணக்கில் ஊறி, மேலே நுரை கட்டியிருந்தது. பக்கத்தில் சுண்ணாம்புக் குழி. குழியை ஒட்டி மூட்டை மூட்டையாகச் சுட்ட கிளிஞ்சல். ஒன்றைக் கையில் எடுத்தேன். வரி வரியான சிப்பியின் உருவம் அப்படியே இருக்கிறது, கனம்தான் இல்லை. முறுக்குப் போல விரலிடுக்கில் நொறுங்கியது.

"கையக் கழுவுங்க. வேர்வை பட்டா பொத்துடும்" என்றார் ஒரு அம்மா. சித்தாள் வேலைக்கு வந்தவர். அவர் கையில் உறை இல்லை. விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து வழுவழுவென்றிருந்தது. ரேஷன் கடையில் விரல் வைத்தால் மெஷின் எடுக்க மாட்டேன் என்கிறதாம். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளிஞ்சலை நீற்றுவதை அன்றுதான் முதன்முதலாகக் கிட்ட நின்று பார்த்தேன். குழியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்கள். சில நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சொய்யென்று ஒரு சத்தம், வெடிப்பு, ஆவி. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. சூளையில் சுடும்போது கிளிஞ்சலிலிருந்து கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. தண்ணீர் பட்டதும் நீறுகிறது. சுவரில் பூசியபின் காற்றிலிருந்து அதே வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கடலிலிருந்து வந்த சிப்பி சுவரில் திரும்பச் சிப்பியாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மாதங்கள் ஆகும், சமயத்தில் வருஷங்கள். சிமெண்ட் மாதிரி மறுநாள் காலையில் இறுகி நிற்காது. இதன் சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. காத்திருக்க ஒப்பந்தக்காரர்களுக்கு நேரம் இல்லை.

நீற்றிய சுண்ணாம்பைப் புளிக்க விட்டு, மணல் சேர்த்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைக்கிறார்கள். முன்பு வட்டக் குழியில் கல் உருளையை மாடு இழுக்குமாம். இங்கே மோட்டார் வைத்த அரவை இயந்திரம் ஓடியது. எவ்வளவு நேரம் அரைக்க வேண்டும் என்று கேட்டேன். கொத்தனார் பதில் சொல்லாமல் கரணையில் ஒரு கை சாந்தை அள்ளிக் கவிழ்த்துக் காட்டினார். விழவில்லை. வெண்ணெய் போல ஒட்டிக்கொண்டு நின்றது.

"இது வந்தா நிறுத்தணும். மணிக்கணக்கு கெடையாது."

அப்போதுதான் எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். கும்பகோணத்தில் தாத்தா கட்டிய வீடு. திண்ணைச் சுவரில் பூச்சு உதிர்கிறதென்று அப்பா ஒரு மேஸ்திரியை வைத்துச் சிமெண்ட் பூசினார். இரண்டு மழைக்காலம் நன்றாக இருந்தது. மூன்றாம் வருஷம் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. சுரண்டினால் உள்ளே செங்கல் மாவாகக் கொட்டியது. செங்கல் மட்டம் என்று இத்தனை வருஷமாகத் தாத்தாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "செங்கல் என்னா பண்ணும்? வாயப் பொத்திட்டீங்க."

பிறகு விளக்கினார். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். பழைய சுவர் அடியிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். கடலோரத்தில் அந்த ஈரத்தில் உப்பும் இருக்கும். ஈரம் வெளியே ஆவியாகும் இடத்தில் உப்பு மணியாக உறைந்து, உப்பி, எதைப் பிடித்திருக்கிறதோ அதைப் பிளக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைத் தன் வழியாக வெளியே விட்டுவிடுகிறது. அதனால் உப்பு பூச்சில் வந்து உறைகிறது, பூச்சு பொரிந்து விழுகிறது. சிமெண்ட் அப்படி வழி விடாது. ஈரம் உள்ளேயே நிற்கும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே உறையும். மேலே பூச்சு கெட்டியாக நிற்க, உள்ளே சுவர் செத்துப்போகும்.

"பூச்சு சாவறதுக்குத்தான் பூசறது. அது செத்தாத்தான் செங்கல் பொழைக்கும்" என்றார். அதைச் சொல்லிவிட்டுத்தான் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வாங்க, கோட்டையில காட்டறேன்" என்று கிளம்பினார்.

அவரோடு போனபோது அது நான் இரண்டு நாள் சுற்றிய கோட்டையாக இல்லை. கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை போட்ட அறைகள் வரிசையாக இருக்கின்றன. கிடங்கு, சமையலறை, சிறை என்று பலகை வைத்திருக்கிறார்கள். அவர் பலகை எதையும் படிக்கவில்லை. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குச் சுவரில் ஓடும் ஒரு மங்கல் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே நடந்தார். ஈரம் ஏறி நிற்கிற மட்டம் அது. ஓரிடத்தில் பஞ்சு போல உப்பு பூத்திருந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்தார். எனக்கும் நீட்டினார். கரித்தது.

மேல்தளத்தில்தான் ஆளுநரும் பாதிரியும் இருந்தார்கள். நடுக்கூடத்தின் கூரை ஒட்டகத் திமில் போல நாலாக எழும்பி ஒற்றைத் தூணில் இறங்குகிறது. அருங்காட்சியகமும் இங்கேதான். பீங்கான்கள், பத்திரங்கள், மிஷனரி சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கிய கதை. கம்பெனியின் வியாபாரம் நொடித்து, 1845-ல் இந்த ஊரை வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். பிறகு கோட்டை பயணியர் விடுதியாகக்கூட இருந்திருக்கிறது. 2001-க்குப் பிறகு டென்மார்க்கின் தரங்கம்பாடிச் சங்கமும் மாநிலத் தொல்லியல் துறையும் சேர்ந்து செப்பனிட்டார்கள்.

அந்த வேலை எப்படி இருந்தது என்று கேட்டேன். வெள்ளைக்காரர்கள் வந்து குடையோடு நிற்பார்களாம், படம் எடுப்பார்களாம். அவர் ஞாபகத்தில் நின்றது வேறு. பழைய பூச்சைக் கொத்தி எடுக்கும்போது அதற்குள் முழுசாக அரைபடாத கிளிஞ்சல் துண்டுகள் கிடைத்தனவாம்.

"அந்தக் காலத்து ஆளும் அவசரத்துல அரைச்சிருக்கான் தம்பி. மேல ஒருத்தன் நின்னு வெரட்டியிருப்பான்."

கோட்டையைச் சுற்றி அகழியும் தூக்குப்பாலமும் இருந்ததற்கு இப்போது அடையாளம் இல்லை. கடற்பக்கம் அலை முட்டுகிறது. வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்தது. அதன் முன்பகுதியையும் கடல்தான் எடுத்துக்கொண்டது. டேனிஷ்காரர்கள் வந்தபோது அந்தக் கோயிலுக்கே முந்நூறு வயது. "அதுவும் சுண்ணாம்புச் சாந்துதான்" என்று அந்தப் பக்கம் கையைக் காட்டினார், உறவுக்காரர் வீட்டைக் காட்டுவது போல.

மகனுக்கு இந்த வேலை தெரியுமா என்று கேட்டேன். தெரியும், ஆனால் செய்வதில்லை. காரைக்காலில் டைல்ஸ் ஒட்டுகிறான். சதுர அடிக் கணக்கில் காசு, அன்றைக்கே கையில். சுண்ணாம்பு வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் பாரம்பரியம் என்று நிறையப் பேசுகிறார்கள், கூலி சிமெண்ட் கொத்தனாருக்குக் கொடுப்பதுதான். இதில் அவருக்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. எனக்கு இருந்தது.

வெயில் சாய்ந்ததும் கிங்ஸ் தெருவுக்கே திரும்ப வேண்டும் என்று அவசரப்பட்டார். மூன்று நாளைக்கு முன் பூசிய சுவர் காய்ந்துவிடக் கூடாது. சித்தாள் அம்மா அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார். கொத்தனார் பக்கெட்டில் தண்ணீர் மொண்டு வந்து, தென்னை மட்டையை நசுக்கிச் செய்த பிரஷ் ஒன்றை என்னிடம் கொடுத்தார். நான் விசிறி அடித்தேன்.

"அடிக்காதீங்க. பச்சப் புள்ளைக்கு ஊத்துற மாதிரி தெளிங்க."

தெளித்தேன். துளி விழுந்த இடம் கறுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. பக்கெட் காலியானது. அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னும் கேக்குது" என்றார். நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனேன்.