லுவாவுக்கு எவ்வளவு திறப்பது?

திங்கள்

பில்லிங் மென்பொருளுக்குள் இன்று லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியைச் சேர்த்தாயிற்று. ஆடிக்கு ஒரு தள்ளுபடி, தீபாவளிக்கு வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் சி நிரலைத் திருத்தி, கம்பைல் செய்து, கடை கடையாக அனுப்பிக்கொண்டிருந்தோம். இனி அந்தக் கணக்கு தனி ஸ்கிரிப்டில் இருக்கும்.

லுவா பிறந்ததே இப்படியொரு தேவைக்குத்தான். 1993-இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரொபெர்டோ யெருசலிம்ஸ்கி, ஃபிகெய்ரெடோ, செலெஸ் மூவரும் அதை உருவாக்கினார்கள். பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்துக்காகத் தரவு உள்ளீட்டுக்கு ஒன்று, பாறை அறிக்கைகளுக்கு ஒன்று என எழுதியிருந்த இரண்டு குட்டி மொழிகளின் இடத்தை அது பிடித்தது.

செவ்வாய்

சி-யும் லுவாவும் பேசிக்கொள்வது ஸ்டேக் என்ற அடுக்கு வழியாக. ஃபங்ஷனை அதில் வைக்கிறேன், பில் தொகையை அதன்மேல் வைக்கிறேன், அழைக்கிறேன். விடை அங்கேயே வந்து நிற்கிறது. பி-கால் மூலம் அழைத்தால் ஸ்கிரிப்டில் பிழை இருந்தாலும் செயலி விழாது, பிழைச் செய்தி மட்டும் திரும்பும். கல்லாவில் வரிசை நிற்கும்போது இதைவிடப் பெரிய உதவி இல்லை.

வியாழன்

லுவாவின் எல்லா நூலகங்களையும் ஒரே வரியில் திறந்துவிடலாம். நான் திறக்கவில்லை. ஓ-எஸ் நூலகம் கையில் இருந்தால் கடைக்காரரின் கணினியில் எந்தக் கட்டளையையும் ஸ்கிரிப்ட் ஓட்டும், செயலியையே மூடிவிடும். சரம், கணிதம், அட்டவணை ஆகிய மூன்றும் போதும். அடிப்படை நூலகத்திலும் கோப்பை ஏற்றும் ஃபங்ஷன்களை நீக்கினேன். ஏற்கெனவே கம்பைல் செய்த பைட்கோடையும் ஏற்பதில்லை: வேண்டுமென்றே திரித்த பைட்கோடு இன்டர்பிரெட்டரையே கவிழ்த்துவிடும்.

சனி

முடிவில்லாத லூப் என்ற ஆபத்து மிச்சமிருந்தது. இத்தனை கட்டளைகளுக்கு ஒருமுறை என் ஹூக் ஃபங்ஷனை அழை என்று லுவாவிடம் சொல்லிவைத்தேன். அளவு மீறினால் ஹூக் பிழை எழுப்பும். ஸ்கிரிப்டிடம் பி-கால் இருந்தால் அந்தப் பிழையை அதுவே விழுங்கிவிட்டுத் தொடரும் என்பதால் அதையும் எடுத்துவிட்டேன். சி-யில் எழுதிய ஃபங்ஷனுக்குள் ஓட்டம் மாட்டிக்கொண்டால் ஹூக் எட்டாது. ஆகவே, சி-யிலேயே நெடுநேரம் ஓடக்கூடிய பேட்டர்ன்களும் சரத் தேடலிலிருந்து போயின.

லுவா ஸ்கிரிப்டை ஓட்டும் ரெடிஸ் தரவுத்தளத்திலும் இதே கவலைதான். ஸ்கிரிப்ட் வழக்கமான வரம்பான 5 விநாடியைத் தாண்டினால் மற்றவர்களுக்கு 'பிஸி' என்று பதில் போகும். அது எதையும் எழுதியிராவிட்டால் மட்டுமே நடுவில் நிறுத்தலாம்.

"அண்ணா, லாக் எழுதணும், ஐ-ஓ மட்டும் திறந்துவிடுங்களேன்" என்றான் தம்பி. திறக்கவில்லை. ஒரு வரியை வாங்கி, செயலியே தன் லாக் கோப்பில் எழுதும் சி ஃபங்ஷன் ஒன்றை மட்டும் கொடுத்தேன்.