திருத்தணி போன வழி

மசோதா என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தேர்வுத்தாள்தான். எத்தனை வாசிப்பு, எந்தச் சபையில் முதலில், எப்போது குடியரசுத் தலைவரின் ஒப்புதல் என்று உருப்போட்டு எழுதிவிட்டு, வெளியே வந்து தேநீர் குடிக்கும்போதே மறந்துவிடுகிறோம். எனக்கு மட்டும் ஒரு மசோதா மறக்கவில்லை. காரணம், அது எங்கள் குடும்பத்தின் நடுவே கோடு கிழித்தது.

எங்கள் ஊர் நகரிக்கு அருகில், ஆந்திரத்தில் இருக்கிறது. பாட்டியார் பிறந்த சிற்றூர் பள்ளிப்பட்டுப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிறது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் ஒரே சித்தூர் மாவட்டத்திற்குள்தான். “நான் எங்கும் போகவில்லை; ஊர்தான் எழுந்து போய்விட்டது” என்பார் பாட்டியார். அந்த ஊர் எந்த வழியாக எழுந்து போயிற்று என்று தேடியபோதுதான் பாடப்புத்தகத்தில் செத்துக் கிடந்த விதிகளுக்கு உயிர் வந்தது.

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுவதும் அதனோடு சென்றது. தமிழ் பேசும் ஊர்கள் மிகுந்த திருத்தணிப் பகுதியும் சேர்ந்து போனது. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தை நம்மவர் அறிவர். ஆனால் கிளர்ச்சி எல்லையை மாற்றுவதில்லை; மாற்ற வேண்டிய நெருக்கடியை உண்டாக்குகிறது. கிராமமே அலகு, மொழிப் பெரும்பான்மை, நிலத்தொடர்ச்சி என்ற அளவுகோல்களை வைத்து, முன்னாள் மத்திய அமைச்சர் படாஸ்கர் இரு மாநிலங்களுக்கும் நடுவராக இருந்து பரிந்துரை செய்தார். அதுவும் வெறும் பரிந்துரைதான். அது சட்டமாவதற்குப் பாராளுமன்றத்தின் வாசற்படியை ஏறியாக வேண்டும்.

ஏறுவதற்கு முன்பே ஒரு தடை உண்டு. எல்லையை மாற்றும் மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிந்துரையின்றிக் கொண்டுவர முடியாது என்கிறது அரசியலமைப்பின் 3ஆவது பிரிவு. அவரும் அதைச் சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றங்களுக்கு அனுப்பி, கருத்துக் கேட்க வேண்டும். கருத்துச் சொல்லாமலே காலம் கடத்தினால் என்ன செய்வது? 1955இல் வந்த ஐந்தாவது திருத்தம் அந்த வழியை அடைத்தது. குடியரசுத் தலைவர் தவணை குறிக்கலாம்; தவணை தவறினால் மசோதா அதற்காகக் காத்திராது.

கேட்பது கருத்தைத்தான், சம்மதத்தை அன்று. பம்பாய் மாநிலத்தைப் பற்றிய வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: சட்டமன்றத்தின் கருத்து பாராளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, மசோதாவைப் பின்னர் திருத்தினாலும் மறுபடி கேட்க வேண்டியதில்லை. சட்டமன்றத்தின் நிலையே இதுவானால், அட்டவணையில் பெயர் ஏறும் கிராமத்தானை யார் கேட்கப்போகிறார்கள்? இந்த இடத்தில் என் மனம் இன்னும் அமைதி கொள்ளவில்லை.

உள்ளே நுழைந்த மசோதாவின் பயணம் மூன்று கட்டம். அறிமுகம் செய்ய அனுமதி கேட்பது முதலாவது. பெரும்பாலும் ஒரு நிமிட வேலை. மூன்றாவதில் சொல் திருத்தங்களுக்கு மேல் இடமில்லை. இரண்டாவதுதான் உயிர்நாடி. கொள்கையைப் பற்றி விவாதம், வேண்டுமானால் தேர்வுக் குழு, பிறகு ஷரத்து ஷரத்தாக வாக்கெடுப்பு, அட்டவணைகளுக்குத் தனி வாக்கெடுப்பு. மசோதாவின் பெயரைச் சொல்லும் முதல் ஷரத்து கடைசியில்தான் எடுக்கப்படும் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பிள்ளை பிறந்த பிறகுதானே பெயர் வைக்கிறோம்!

இன்னொரு பொருத்தத்தைக் கண்டபோது வியந்தே போனேன். அந்த ஆண்டுகளில் மக்களவையின் சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார். நம் திருச்சானூரில் பிறந்தவர், 1957 தேர்தலில் சித்தூர்த் தொகுதியில் வென்றவர். மாநிலங்களவைக்குத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன். திருத்தணியில் பிறந்து, இதே திருப்பதியில் பள்ளியில் படித்தவர். ஒருவருடைய மாவட்டத்திலிருந்து மற்றவருடைய ஊரைப் பிரித்தெடுக்கும் மசோதா, இருவர் தலைமையேற்ற இரு சபைகளிலும் நிறைவேறியது! தலைமை இருக்கையில் அமர்ந்தவருக்கு வாக்குச் சமமாகப் பிரியும்போதன்றி வாக்கில்லை. சொந்த ஊர்ப் பாசம் அங்கே வாய் திறக்க முடியாது.

இப்படியாக 1959ஆம் ஆண்டின் 56ஆம் சட்டம் பிறந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. பதிலுக்குச் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்கு வந்தது. சேலம் மாவட்டத்துச் சில கிராமங்களும் வந்தன. நகரி இருந்த இடத்திலேயே இருந்தது.

பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? ஆந்திரத்தில் கல்லூரி இடங்களை உள்ளூர்ப் பகுதி பார்த்து ஒதுக்குவதற்கு வழி செய்வது அரசியலமைப்பின் 371ஈ பிரிவு. அதன்கீழ் 1974இல் குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. நான் இங்கே உள்ளூர் மாணவன். என் மாமன் மகன் அல்லன். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையே ஒரு பேருந்துப் பயணம்தான். ஒரே திருப்பதிக் குடையைத்தான் இரண்டு வீட்டாரும் ஆண்டுதோறும் தொழுகிறோம். பேரப்பிள்ளைகள் எந்தக் கல்லூரியில் நுழையலாம் என்பது, பாட்டன் காலத்து அட்டவணையில் ஓர் ஊரின் பெயர் இருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்திருக்கிறது.

2014இல் இதே 3ஆவது பிரிவு மறுபடியும் வேலை செய்தது. தெலங்கானா மசோதாவை ஆந்திரச் சட்டமன்றம் ஜனவரி 30ஆம் நாள் குரல் வாக்கால் நிராகரித்தது. பிப்ரவரி 18இல் மக்களவையும் 20இல் மாநிலங்களவையும் அதை நிறைவேற்றின. மக்களவையில் மிளகுப்பொடித் தூவல் நடந்ததையும், வாக்கெடுப்பு நாளில் தொலைக்காட்சி ஒளிபரப்பு நின்றுபோனதையும் நாடு பார்த்தது. நிராகரித்த தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு, 1959 தீர்ப்பைக் காட்டுவதைத் தவிர வேறு விடையில்லை.

அதற்காகத் தீர்மானத்தை வெறும் காகிதம் என்றும் சொல்லிவிடக் கூடாது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க பூபேஷ் குப்தா மாநிலங்களவையில் தனி உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார், அண்ணா ஆதரித்துப் பேசினார், அது நிறைவேறவில்லை. தனி உறுப்பினர் மசோதாக்களின் விதியே பெரும்பாலும் அதுதான். 1970க்குப் பிறகு ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. ஆனால் 1967 ஜூலை 18ஆம் நாள் சட்டமன்றம் தீர்மானம் செய்தது; மறு ஆண்டு பாராளுமன்றம் சட்டம் இயற்றியது; 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. முன்பு மசோதாவால் ஆகாதது, பின்பு தீர்மானத்தால் தொடங்கிற்று. எண்ணிக்கை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே வேறுபாடு.

மாவட்டம் பிரிப்பதற்கு இத்தனை பாடும் இல்லை. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது பாராளுமன்றத்தில் யாரும் ஒரு சொல்லும் பேச வேண்டியிருக்கவில்லை. மாநில அரசின் ஆணையே போதுமாயிற்று. செங்கற்பட்டிலிருந்து சித்தூருக்கு வந்த சத்தியவேடு அன்று மூன்றாவது மாவட்டத்துக்குக் குடிபோயிற்று.