புத்தகக் கடையும் ஒரு விசுப்பலகையும்

பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டபோது நாங்கள் சற்றுத் தயங்கினோம். நாங்கள் நூல்களை விற்பவர்களேயன்றி எழுதுபவர்கள் அல்லர். எனினும், இப்பள்ளியில் பயின்று சென்றோருள் எங்கள் கடைப்படி ஏறாதவர் மிகச் சிலரே. ஆதலால் அக்கடையைப் பற்றியே எழுதலாம் என்று கணவனும் மனைவியுமாகக் கலந்து பேசி முடிவு செய்தோம்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், 1979ஆம் ஆண்டு தைத் திங்களில் இக்கடையைத் தொடங்கினோம். ஒரு பக்கம் மளிகைக் கடை, மறுபக்கம் தையற்கடை, நடுவே பத்தடி அகலத்தில் எங்கள் இடம். அந்நாளில் ஊரைச் சுற்றிலும் இரப்பர்த் தோட்டங்களே இருந்தன. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, பால்மரம் சீவி, பிற்பகலில் வீடு திரும்பும் மக்களே எங்கள் வாடிக்கையாளர்கள்.

புத்தகக் கடை என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தாலும், எங்களுக்குச் சோறு போட்டவை நோட்டுப் புத்தகங்களும் பென்சில்களும் நாட்காட்டிகளும் பஞ்சாங்கங்களுமே. நாளிதழும் வார இதழும் அடுத்தபடி. கதை, கட்டுரை, கவிதை நூல்கள் கடைசிப்படி. இலக்கியத்தை விற்று வாழலாம் என்று எண்ணியே கடை திறந்தோம். ஆறே மாதத்தில், அழிப்பானை விற்றுத்தான் இலக்கியத்தை அடுக்கில் வைத்திருக்க முடியும் என்பதைக் கற்றுக்கொண்டோம்.

தமிழகத்து நூல்கள் கப்பலேறிப் பினாங்குத் துறைமுகம் வந்து சேர வாரக்கணக்காகும். கோலாலம்பூரிலுள்ள மொத்த வணிகரிடம் இரவுப் பேருந்தில் சென்று, கட்டுகளாக வாங்கி, மறுநாள் சுமந்து வருவோம். ஐந்து வெள்ளி நூலுக்கு ஒரு வெள்ளி கழிவு கிடைத்தால் பெரிது. விற்காத நூலைத் திருப்பித் தரவும் இயலாது. எனவே ஒவ்வொரு நூலையும் எடுக்குமுன், "இதை வாங்குவதற்கு நம் ஊரில் யார் இருக்கிறார்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். ஒரு முகமாவது நினைவுக்கு வந்தால்தான் எடுப்போம்.

அக்காலத்தில் இன்னொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பித்தது. அதன்பின் சில ஆண்டுகள் பழைய எழுத்து நூல்களும் புதிய எழுத்து நூல்களும் எங்கள் அடுக்கில் அருகருகே நின்றன. துதிக்கை போல் வளைந்த பழைய ஐகாரத்தைப் புதிய எழுத்தில் பயின்ற சிறுமி ஒருத்தி கண்டாள். "ஐயா, இந்தப் புத்தகம் முழுவதும் அச்சுப்பிழை" என்று திருப்பிக் கொடுத்தாள். அவளுடன் வந்திருந்த தாத்தா சிரித்துக்கொண்டே அதை வாங்கி, அவ்வெழுத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அன்று அந்நூல் விலை போயிற்று.

வாணிகத்தில் எங்களை மிகவும் சோதித்தது மழைதான். மழை பெய்தால் மரம் சீவ இயலாது. மரம் சீவாவிட்டால் வருவாய் இல்லை. ஆண்டிறுதியில் அடைமழை, அதற்கு முன்போ பின்போ தீபாவளிச் செலவு, அதை அடுத்து, அந்நாளில், சனவரியில் பள்ளித் திறப்பு. கையில் காசு மிகக் குறைந்திருக்கும் வேளையில்தான் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கவேண்டிய கட்டாயம். ஆகவே நீலநிற அட்டை போட்ட கடன் புத்தகம் ஒன்றைத் தொடங்கினோம். சம்பள நாளன்று கடையை இரவு பத்து மணிவரை திறந்து வைப்போம். இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி என்று வந்து செலுத்துவார்கள். தோட்டம் மாறிச் சென்றவர்கள் சிலர் நின்றுபோயினர். ஏமாற்ற வேண்டும் என்று ஏமாற்றியவர் எவரையும் நாங்கள் அறியோம்.

இனி, எங்கள் பிழை ஒன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும்.

1982ஆம் ஆண்டில், பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் மாலைதோறும் கடைக்கு வருவான். கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொள்வான். சிறுவர் கதைநூல் ஒன்றை எடுத்து, மூலையில் நின்றபடியே நாலைந்து பக்கம் படிப்பான். பின் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவான். பத்துப் பன்னிரண்டு நாள்கள் பார்த்தோம். அன்று மொத்த வணிகருக்குப் பணம் கட்ட இயலாத மனக்குறை எங்களுக்கு. "தம்பி, இது நூலகம் அன்று. வாங்குவதானால் எடு; இல்லையென்றால் வைத்துவிடு" என்று சொல்லிவிட்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. நூலை மெல்ல அடுக்கில் வைத்தான், விளிம்பு மற்ற நூல்களோடு ஒத்திருக்கிறதா என்று விரலால் சரிபார்த்தான், போய்விட்டான். அதன்பின் வரவில்லை.

சில மாதங்கள் கழித்துத் தூசி தட்டும்போது அந்நூலைத் திறந்தோம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் காய்ந்த இரப்பர் இலை ஒன்று அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. இன்னும் இருபது பக்கங்களே மீதம். விசாரித்தபோது, அவன் குடும்பம் வேறு தோட்டத்திற்குக் குடிபெயர்ந்துவிட்டதாக அறிந்தோம். எந்தத் தோட்டம் என்று சொல்வார் இல்லை. அவன் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

அன்றிரவு இருவருக்கும் உறக்கம் வரவில்லை. மறுநாள் தச்சரிடம் சொல்லி, நால்வர் அமரத்தக்க விசுப்பலகை ஒன்று செய்வித்து மூலையில் போட்டோம். "அமர்ந்து படிக்கலாம்" என்று அட்டையில் எழுதி மாட்டினோம். "இப்படிச் செய்தால் யார் வாங்குவார்கள்?" என்று அண்டைக் கடைக்காரர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. படித்துவிட்டு வாங்காமல் சென்றவர்கள் உண்டு. ஆனால் படித்து ருசி கண்ட பிள்ளை, சம்பள நாளன்று தந்தையின் கையைப் பிடித்திழுத்து வந்ததும் உண்டு.

அவ்விசுப்பலகையில் நிகழ்ந்த ஒன்றை நாங்கள் மறக்கவே இயலாது. 1990களில் ஒருநாள், ஐம்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் பேத்தியுடன் வந்தார். "ஐயா, சயாமுக்குப் போனவங்களைப் பத்தி ஒரு புத்தகம் வந்திருக்குதாமே, இருக்குதா?" என்று கேட்டார். ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலை எடுத்துக் கொடுத்தோம். சப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்கு இருப்புப் பாதை போட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அதற்குக் கொண்டு சென்றனர். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் பலியாகித் திரும்பாதோர் ஏராளம். அவ்வம்மையார் கைக்குழந்தையாக இருந்தபோது சென்ற தந்தையும் அவர்களுள் ஒருவர்.

அம்மையாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நூலைப் புரட்டி, அட்டையைத் தடவிப் பார்த்தார். பேத்தி உரக்கப் படிக்க, விசுப்பலகையில் அமர்ந்து கேட்டார். கடைக்கு வந்தவர்களும் ஓசையின்றி நின்று கேட்டனர். அன்று முழுவதும் முடியவில்லை. தொடர்ந்து நான்கு மாலைகள் வந்தனர். முடித்த அன்று, "எங்கப்பா நடந்த பாதையைக் கண்ணுல காட்டிட்டீங்க தங்கச்சி" என்று எங்களுள் ஒருத்தியின் கையைப் பற்றிக்கொண்டார். பிறகு தவணையில் அந்நூலை வாங்கிச் சென்றார். வேண்டாம் என்று நாங்கள் எவ்வளவு மறுத்தும், கடைசிக் காசுவரை செலுத்தியே தீர்த்தார்.

அதன்பின் காலம் மாறியது. இரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் நகரங்களை நாடினர். 1975ஆம் ஆண்டில் தொடங்கிய பாடநூற் கடனுதவித் திட்டம் 2008 முதல் எல்லா மாணவர்க்கும் விரிந்தது. பெற்றோரின் சுமை குறைந்தது, அது நன்மையே. எங்கள் பாடநூல் விற்பனை நின்றது. 1988 முதல் நடந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்கான பயிற்சி நூல்கள் எங்களைத் தாங்கி நின்றன. அத்தேர்வும் 2021இல் நீக்கப்பட்டது. 1924ஆம் ஆண்டு தோன்றிய 'தமிழ் நேசன்' 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றபோது, காலையில் அவ்விதழுக்காகவே வந்த முதியவர்களின் வருகையும் நின்றது.

2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. மூடிய கடைக்கும் வாடகை உண்டு. கோலாலம்பூரில் வாழும் எங்கள் பிள்ளைகள், "போதும் அம்மா, போதும் அப்பா, கடையை விட்டுவிடுங்கள்" என்றனர். நாங்களும் மனத்தளவில் விட்டுவிட்டோம். கடையை ஒழிக்கத் திறந்தபோது, முதலில் வெளியே தூக்கவேண்டியது விசுப்பலகையாக இருந்தது. இருவரும் இரு முனையைப் பிடித்தோம். இருவருக்கும் தூக்க மனம் வரவில்லை. கீழே வைத்துவிட்டு அதன்மீதே அமர்ந்து கணக்குப் போட்டோம்.

முடிவில் கடையின் முன்பாதியைக் கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவருக்கு உள்வாடகைக்கு விட்டோம். பின்பாதியில் நூலடுக்குகளும் விசுப்பலகையும் இருக்கின்றன. அவரிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்போர் பின்னால் வந்து அமர்கின்றனர். கையில் கைப்பேசி இல்லாத அந்த அரைமணி நேரத்தில், பலர் ஒரு நூலை எடுத்துப் புரட்டுகின்றனர். இதனால் நாங்கள் செல்வர் ஆகிவிடவில்லை. கதவு திறந்திருக்கிறது, அவ்வளவே.

பெற்றோர்களே, பிள்ளைக்குப் பயிற்சி நூல் வாங்கும்போது, தேர்வுக்கு உதவாத ஒரு கதைநூலையும் சேர்த்து வாங்குங்கள். எங்களிடந்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. மாணவச் செல்வங்களே, காசில்லை என்று வாயிலில் நிற்காதீர்கள். உள்ளே இடம் இருக்கிறது.

அந்தச் சிறுவர் கதைநூலை நாங்கள் விற்கவில்லை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இலை பொடியாகிவிட்டது. அதன் வடிவம் மட்டும் தாளில் பழுப்பாகப் படிந்திருக்கிறது. அச்சிறுவருக்கு இன்று ஐம்பது வயது கடந்திருக்கும். அவர் பிள்ளையோ பேரப்பிள்ளையோ இப்பள்ளியில் பயிலவும் கூடும். இம்மலர் அவர் கையில் கிடைக்குமாயின், ஒரு மாலை வந்து போகுமாறு கேட்டுக்கொள்கிறோம். மீதமுள்ள இருபது பக்கங்களை அவர் அமர்ந்தே படிக்கலாம்.