லிமிட் ஏத்தலாமா, மாமா?

ஓசூர்ப் பக்கம் ஒருவர் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினார் என்றால் ஊர் உச்சுக்கொட்டும். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். வீட்டில் ஏதோ பெரிய முட்டுப்பாடு என்று பொருள். ‘நகையைக் கொண்டுபோய் பேங்க்ல வச்சிருந்தா ஒரு வட்டிகூட வராதே’ என்று நாலு பேர் புத்தி சொல்வார்கள். அதே வீட்டுப் பிள்ளையின் பர்ஸில் மூன்றரை, மூன்றே முக்கால் வட்டிக்காரர் ஒருவர் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்து யாரும் உச்சுக்கொட்டுவதில்லை. கெடுவுக்குள் முழுத்தொகையையும் கட்டிவிட்டால் அவர் வட்டியே கேட்கமாட்டார், சிரித்த முகம்தான். ஒரு மாதம் தவறட்டும், அப்போது தெரியும்.

பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன் கேட்டான்: ‘மாமா, என் கார்டு லிமிட் முப்பதாயிரம்தான். ஏத்திக் குடுங்கன்னு கேக்கலாமா? சிங்கப்பூர்ல எப்படி?’ வயது இருபத்து மூன்று. டிப்ளமோ முடித்துவிட்டு சிப்காட் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் பார்க்கிறான். பாகலூர் ரோட்டில் கூட்டாளிகளோடு ரூம்.

சிங்கப்பூரில் இதற்கு வங்கி மேலாளரின் மனசு இளக வேண்டியதில்லை, வாய்ப்பாடு இருக்கிறது. 55 வயதுக்குட்பட்டவர் ஆண்டுக்கு 30,000 வெள்ளியாவது சம்பாதித்தால்தான் வழக்கமான கிரெடிட் கார்டு. 1,20,000 வெள்ளிக்குள் வருமானம் என்றால் வரம்பு அதிகபட்சம் நாலு மாதச் சம்பளம். எல்லா வங்கியிலும் சேர்த்து வட்டி ஓடும் கடன் மாதச் சம்பளத்தைப்போல் 12 மடங்கைத் தாண்டி, மூன்று மாதம் அப்படியே நின்றால், புதுச் செலவுக்குக் கார்டு திறக்காது. கொஞ்சம் கறாரான மாமியார் மாதிரிதான். இருந்தாலும் சம்பளம் கூடினால் வரம்பு எவ்வளவு கூடும் என்று இங்கே ஒரு பையன் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நம் நாட்டில் அப்படி மடங்குக் கணக்கு எதுவும் இல்லை. ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள், வரம்பு போடும்போது மற்ற இடங்களில் அவருக்கு இருக்கும் வரம்புகளையும் பார்க்கச் சொல்கின்றன. மீதி அந்தந்த வங்கியின் கொள்கை. அதுவும் 2023 நவம்பரில் கார்டு பாக்கிக்கான ரிஸ்க் வெயிட்டை 125 சதவீதத்திலிருந்து 150 ஆக்கினார்கள். அதாவது, நீங்கள் வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க் கடனுக்கும் வங்கி தன் பங்குக்கு முன்பைவிட அதிக மூலதனம் ஒதுக்க வேண்டும். அப்புறம் எப்படிக் கை தாராளமாக நீளும்?

மாப்பிள்ளையின் முப்பதாயிரத்துக்கு வேறொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். அவன் பே-ஸ்லிப்பை வாங்கிப் பார்த்தேன். சட்டைப் பையில் தைத்திருப்பது ஒரு கம்பெனி பெயர், ஸ்லிப்பில் இருப்பது கான்ட்ராக்டர் பெயர். அசோக் லேலண்ட் 1980-இல் ஓசூருக்கு வந்தது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் பின்னாலேயே வந்தது. அந்தக் காலத்தில் யூனிபார்ம் போட்டவன் மளிகைக்கடைக்குப் போனால் நோட்டில் தனிப் பக்கமே போடுவார்கள். கடைக்காரர் பார்த்தது ஆளை அல்ல, கம்பெனியை. இன்றைக்கு வங்கியின் கணினி பார்ப்பதும் அதைத்தான், ஆனால் அதன் கண்ணில் படுவது சட்டை அல்ல, ஸ்லிப். அப்ரென்டிஸ் நிலைமை இன்னும் மோசம். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தொழிலாளியே அல்ல, பயிற்சியாளர். வாங்குவது உதவித்தொகை. எட்டு மணி நேரம் மெஷினருகே நிற்கும் பையனுக்கு வங்கியில் கால் ஊன்ற இடம் இல்லாமல் போவது இப்படித்தான்.

சரி, எதற்கு லிமிட் ஏற்ற வேண்டும்? போன் வாங்கவா, வண்டி வாங்கவா என்று கேட்டேன். மென்று விழுங்கினான். பிறகு ஸ்டேட்மென்ட்டை எடுத்துக் காட்டினான். அவனுடைய பெட்ரோலும் ரீசார்ஜும் சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சம். அதற்குக் கீழே ரூம்மேட் ஒருவனின் போன், இன்னொருவன் தங்கைக்கு எடுத்த துணிமணி, மூன்றாமவன் ஊருக்குப் போன பஸ் டிக்கெட். எல்லாம் சேர்த்து இருபத்து நாலாயிரம். அந்த ரூமில் கார்டு இருப்பது இவன் ஒருவனிடம்தான். ‘தேய்டா, ஒண்ணாம் தேதி ஜிபே பண்ணிடறேன்.’ பண்ணியும் விடுகிறார்கள், பெரும்பாலும். ஆக லிமிட் கேட்பது இவன் அல்ல, அந்த ரூம்!

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு வங்கிகள் 2025 ஜனவரியிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது கணக்கு அனுப்பியாக வேண்டும். அதில் முப்பதாயிரம் வரம்பில் இருபத்து நாலாயிரம் பாக்கி என்றுதான் போகும். துணி யாருக்கு எடுத்தது என்று போகாது. எண்பது சதவீதத்தைத் துடைத்துச் செலவழிக்கும் பையன் என்றால் 300-லிருந்து 900 வரை ஓடும் அந்த மதிப்பெண் முகம் சுளிக்கும். முப்பது சதவீதத்துக்குள் வைத்துக்கொள் என்பார்கள். அது சட்டம் இல்லை, அனுபவப் பாடம். அதே செலவுக்கு வரம்பு அறுபதாயிரம் என்றால் பாக்கி நாற்பது சதவீதம். ஆகவே ‘ஏத்தலாமா’ என்ற கேள்விக்கு என் பதில், தாராளமாகக் கேள் என்பதுதான். பணத்துக்கு அலையாத மாதத்தில் கேள். ஆறு மாதமாவது முழுத்தொகையைத் தவறாமல் கட்டியிருக்க வேண்டும். மூன்று மாத ஸ்லிப்பைத் தயாராக வை. ஒரே வாரத்தில் நாலு வங்கியில் புதுக் கார்டுக்கு விண்ணப்பம் போடாதே. ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் தடம் விட்டுப் போகும். அந்த ரிப்போர்ட்டை சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரவேண்டும், முதலில் அதை எடுத்துப் படி.

மாப்பிள்ளை உற்சாகமாகிவிட்டான். கையோடு ஒரு தாளை எடுத்து வைத்தேன். துணி எடுத்தவன் பணம் தரவில்லை, இவன் இருபதாயிரம் பாக்கியோடு குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சதவீதம், ஆயிரம் ரூபாய். மூன்றரை வட்டிக்கு எழுநூறு. வட்டிக்கு ஜிஎஸ்டி பதினெட்டு சதவீதம், நூற்று இருபத்தாறு. ஆயிரத்தில் எண்ணூற்று இருபத்தாறு போக அசலில் கழிவது நூற்று எழுபத்து நாலு. அதோடு புதிதாகத் தேய்ப்பதற்கும் அன்றிலிருந்தே வட்டி. 2003-இல் தமிழக அரசு கந்துவட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் தடைச்சட்டம் கொண்டுவந்தது. கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆண்டுக்கு முப்பது சதவீதத்துக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதையும் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

‘அப்போ லிமிட் கம்மியாவே இருக்கட்டுமா மாமா? யாராச்சும் கேட்டா லிமிட் இல்லடான்னு சொல்லிக்கலாம்.’

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இல்லை என்று சொல்லக் கூச்சப்படும் வயதில் முப்பதாயிரம் என்பது ஒரு நல்ல சாக்கு. அறுபதாயிரமானால் அந்தச் சாக்கு போய்விடும். ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, வங்கி தந்த வரம்புக்குள் நாமே நமக்கொரு வரம்பு போட்டுக்கொள்ளலாம். கடையில் தேய்க்க இவ்வளவு, ஆன்லைனுக்கு இவ்வளவு, வெளிநாட்டுக்கு வேண்டவே வேண்டாம் என்று ஆப்பிலேயே மாற்றலாம். இந்த வசதியைப் பயன்படுத்துகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வங்கிகளும் இதைத் தண்டோரா போட்டுச் சொல்வதாகத் தெரியவில்லை, சொன்னால் அவர்களுக்கு என்ன லாபம்?

சித்திரையில் போன் செய்தான். கேட்டது ஒரு லட்சம், கிடைத்தது ஐம்பத்தையாயிரம். ஆன்லைன் செலவுக்குத் தானே ஐயாயிரம் என்று பூட்டு போட்டிருக்கிறானாம். ரூம்மேட் ஹெட்போன் வாங்கக் கார்டு நம்பர் கேட்டிருக்கிறான். இவனும் கொடுத்திருக்கிறான். பேமென்ட் போகவில்லை. ‘பேங்க்ல ஏதோ பிளாக் பண்ணிட்டாங்கடா’ என்று சொல்லிவிட்டு நைட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டானாம்.